தேநீர் நடந்த இரு பாதைகள்

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒருநாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, மலைக்கு அனுப்பி, மாலையில் கொழுந்தை நிறுத்துப் பார்த்து ஏட்டில் குறிப்பதுதான் பேர். தோட்டம் கேட்ட கிலோ நிறையவில்லை என்றால் விழுவது ‘அரைப்பேர்’. நாள் முழுக்கச் சரிவில் நின்றிருந்தாலும், அட்டை கடித்திருந்தாலும், மழையில் நனைந்திருந்தாலும் தராசு சொல்வதே முடிவு. ஒருத்தியின் உழைப்பைப் பாதியாகக் குறைக்கும்போது அவள் பெயரையே பாதியாக்கிச் சொல்கிறது இந்தச் சொல்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பேருக்கு 18 கிலோ கொழுந்து கேட்கும் தோட்டங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. ஆக, 18 கிலோவில் நான்கு கிலோ தூள். கோப்பைக்கு இரண்டு கிராம் என்று வைத்தால் 2,000 கோப்பைத் தேநீர். ஒரு பெண் ஒரு பகலில் பறித்த கொழுந்தை இரண்டாயிரம் பேர் குடிக்கிறார்கள்.

அந்த இரண்டாயிரம் பேரில் நாமும் இருக்கிறோம். தண்ணீருக்கு அடுத்தபடியாக மனிதகுலம் அதிகம் குடிப்பது தேநீரைத்தான். தென்மேற்குச் சீனத்து மலைக்காட்டுச் செடி ஒன்று இப்படி உலகத்தையே பிடித்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் புலப்படுவது ஒன்றுதான்: தேநீர் இரண்டு பாதைகளில் நடந்திருக்கிறது. முதல் பாதையில் இலை மனிதரைத் தேடிப் போனது. இரண்டாவது பாதையில் மனிதரைப் பிடித்து இலையிடம் கொண்டுபோனார்கள். அரைப்பேர் பிறந்தது இந்த இரண்டாவது பாதையில். செடியின் இயல்பு அந்தப் பாதையைக் கேட்கவில்லை. அரசும் கம்பெனிகளும் சட்டம் போட்டு வெட்டிய பாதை அது. மனிதர் வெட்டியதை மனிதர் மாற்ற முடியும்.

துறவியும் வணிகரும் சுமந்த இலை

சீனத்தின் சியான் நகருக்கு அருகே, கி.மு. 141இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை வளாகத்தில் தேயிலை மொட்டுகள் கிடைத்திருக்கின்றன. உலகில் கிடைத்த மிகப் பழைய தேயிலை எச்சங்களில் அவையும் அடங்கும். மருந்தாகவும் உணவில் சேரும் கீரையாகவும் இருந்த இலை, தாங் அரசர் காலத்தில் பானமாக நிலைபெற்றது. மடத்தில் வளர்ந்த லூ யூ என்ற அநாதைப் பிள்ளை 8ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘சா ஜிங்’, தேநீருக்கென்றே எழுதப்பட்ட முதல் பெருநூல். எந்த மண்ணில் செடி நன்றாக வரும், எந்தத் தண்ணீர் ஏற்றது, கொதி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போகிறது அந்த நூல்.

அக்காலத்தில் இலையை இடித்து வில்லையாக்கி, பொடித்துக் காய்ச்சினார்கள். மிங் அரசை நிறுவிய ஹோங்வூ 1391இல், வில்லைத் தேயிலையைத் திறையாகச் செலுத்த வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். குடிகளின் சுமையைக் குறைக்கப் பிறந்த ஆணை அது. இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் அதன் பிறகு ஊன்றியது.

சீனத்துக்கு வெளியே இந்த இலையை முதலில் சுமந்து சென்றவர்களில் பௌத்தத் துறவிகள் முக்கியமானவர்கள். இரவுத் தியானத்தில் தூக்கம் வராமல் காத்த பானம் இது. எய்சாய் என்ற ஜென் துறவி 1191இல் சீனத்திலிருந்து ஜப்பானுக்குத் தேயிலை விதைகளோடு திரும்பினார். 1211இல் தேநீரின் நலன் பற்றி ஒரு நூலும் எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ தேநீர்ச் சடங்குக்கு எளிமையான வடிவம் கொடுத்தார். அவர் வகுத்த தேநீர்க் குடிலின் வாசல் மிகச் சிறியது. வாளேந்திய பிரபுவும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே வர வேண்டும். தேநீரின் முன் எல்லாரும் ஒரே உயரம் என்பதை ஒரு வாசலின் அளவாலேயே சொன்ன மனிதர் அவர்.

மலைப்பாதைகளில் சுமைக்காரர் முதுகிலும் கோவேறு கழுதைகளிலும் திபெத்துக்குத் தேயிலை ஏறியது. பதிலுக்குக் குதிரைகள் இறங்கின. 1727இல் கையெழுத்தான கியாக்தா உடன்படிக்கைக்குப் பிறகு ஒட்டகத் தடங்களில் ரஷ்யாவுக்குள் அது பெருமளவில் போய்ச் சேர்ந்தது. தரைவழி போன இடங்களில் ‘சா’ என்ற சொல்லும் சேர்ந்து போனது. இந்தியின் ‘சாய்’, பாரசீகத்தின் ‘சாய்’, ரஷ்யரின் ‘சாய்’, மலையாளத்தின் ‘சாயா’ எல்லாம் அந்தக் கிளை. சீனத்தின் ஃபுஜியான் கரையில் ‘தே’ என்று சொன்னார்கள். அந்தக் கரை வணிகரிடம் வாங்கிய டச்சுக்காரர்கள் ‘தே’யைக் கப்பலேற்றினார்கள். ஆங்கிலேயரின் ‘டீ’யும் நம் தேயிலையும் தேநீரும் யாழ்ப்பாணத்தின் தேத்தண்ணியும் அந்தக் கடல்வழிக் கிளையில் வந்தவை.

இந்த ஆயிரம் ஆண்டுப் பயணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலையின் மிகப் பெரும்பகுதி குடியானவர்களின் சிறு நிலங்களில்தான் விளைந்தது. சீனக் குடியானவர் செழிப்பாக இருந்தார் என்று சொல்ல முடியாது. வரியும் தரகரும் அவரையும் பிழிந்தார்கள். ஆனாலும் நெல்லுக்கும் காய்கறிக்கும் நடுவே அவர் வளர்த்த ஒரு பயிராகவே தேயிலை இருந்தது. அதைப் பறிப்பதற்காக அவரை யாரும் கடல் தாண்டி இழுத்துப் போகவில்லை.

வெள்ளியும் சர்க்கரையும் அபினும்

டச்சு வணிகர்கள் 1610 வாக்கில் ஐரோப்பாவுக்குத் தேயிலை கொண்டுபோனார்கள். 1662இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸை மணந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின், அரண்மனைக்குள் அதை நாகரிகமாக்கினார். முதலில் சீமான்களின் பானமாக இருந்தது. வரி 100 விழுக்காட்டுக்கும் மேலே போனதால் கடத்தல் கொழித்தது. 1784இல் பிரதமர் வில்லியம் பிட் வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைத்ததும் தேநீர் ஏழையின் வீட்டுக்குள் வந்தது. ஆலைத் தொழிலாளியின் பசியை இனிப்புத் தேநீரும் ரொட்டியும் தாங்கின. அந்தச் சர்க்கரை கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்தது. மானுடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985இல் வெளியிட்ட ‘இனிப்பும் அதிகாரமும்’ என்ற நூல், இங்கிலாந்து ஆலையும் கரும்புக்காடும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்று காட்டியது.

1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கவிழ்த்தபோது அமெரிக்க விடுதலைப் போராட்டத்தின் கதவு திறந்தது. பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது அது. சீனத்தில் நடந்தது அதைவிடக் கொடியது. பிரிட்டனிடம் சீனருக்கு வேண்டிய சரக்கு குறைவு; தேயிலைக்கு வெள்ளியாகக் கொட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வெள்ளியைத் திரும்பப் பெற கிழக்கிந்தியக் கம்பெனி கண்டுபிடித்த வழி அபின். பிகாரிலும் காசிப் பக்கத்திலும் உழவர்களை அபின் பயிரிடச் செய்து, ஏலத்தில் விற்று, தனி வணிகர் கையால் சீனத்துக்குக் கடத்தச் செய்தது. 1839இல் லின் சீஷூ என்ற சீன ஆணையர் 20,000 பெட்டிக்கு மேல் அபினைப் பறிமுதல் செய்து அழித்தார். பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையில் ஹாங்காங்கை எழுதி வாங்கிக்கொண்டது. ஒரு தேசத்தைப் போதைக்கு அடிமையாக்கிய வணிகத்தின் வேரில் இருந்தது தேநீர் மோகம்.

மனிதரைச் செடியிடம் கொண்டுபோனார்கள்

சீன வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த ஏகபோகம் 1833இல் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, இந்தியாவில் தேயிலை வளர்க்க வழி தேடி வில்லியம் பென்டிங்க் ஒரு குழு அமைத்தார். அசாமின் சிங்போ மக்கள் தேயிலையை அதற்கு முன்பே பறித்துப் பக்குவப்படுத்திக் குடித்து வந்தார்கள். 1823இல் ராபர்ட் புரூஸுக்குச் செடியைப் பற்றித் தெரியவந்ததும் அவர்களின் தலைவர் பீசா காம் வழியாகத்தான். 1838இல் வகுக்கப்பட்ட ‘தரிசு நில’ விதிகள், பெரும் முதல் போடக்கூடிய வெள்ளையருக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தந்தன. 1839 ஜனவரியில் அசாம் தேயிலை எட்டுப் பெட்டி லண்டனில் ஏலம் போனது. சொந்தமாகத் தோட்டம் போட்ட முதல் இந்தியர் மணிராம் தேவான். 1857 எழுச்சியில் பங்கு கொண்டார் என்று 1858 பிப்ரவரியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சீன வணிகர் வேடமிட்ட ராபர்ட் ஃபார்ச்சூன், கம்பெனிக்காக ஏறத்தாழ 20,000 கன்றுகளைச் சீனத்திலிருந்து இமயமலை அடிவாரத்துக்குக் கடத்தினார்.

நிலம் வந்தது, செடி வந்தது, ஆள் வரவில்லை. அசாம் உழவர் தம் வயலை விட்டுத் தோட்டத்துக்குப் போக விரும்பவில்லை. எனவே சோட்டா நாக்பூர் முதலான இடங்களிலிருந்து ஆதிவாசிகளை ஒப்பந்தத்தில் கட்டிக் கொண்டுவந்தார்கள். வேலையை விட்டுப் போவது குற்றம் என்று 1859இல் சட்டம் வந்தது. ஓடிப் போகிறவரைத் தோட்டக்காரரே கைது செய்யலாம் என்று 1865 சட்டம் அதிகாரம் கொடுத்தது. 1921இல் சார்கோலாப் பள்ளத்தாக்குத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூட்டமாக வெளியேறி ஊர் திரும்ப நடந்தார்கள். மே 20 இரவு சாந்த்பூர் ரயில் நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது கூர்க்கா படையினரை ஏவினார்கள். ஐ.நா. அறிவித்த உலகத் தேநீர் நாள் மே 21. அந்த நாளைக் கொண்டாடுகிறவர்கள் அதற்கு முந்தைய இரவையும் நினைக்க வேண்டும்.

இலங்கையில் முதலில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1840ஆம் ஆண்டு அரச நிலச் சட்டம் கண்டிச் சிங்களக் குடியானவர்களின் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அரசுடைமை என்று சொல்லித் தோட்டக்காரருக்கு வழிவிட்டது. தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆள் கட்டினார்கள். கங்காணி முற்பணம் கொடுத்தார். அந்தக் கடன் தொழிலாளியின் காலில் விலங்காகியது. கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் அவர் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தவர்களில் காலராவும் பசியும் வழியிலேயே கொண்டுபோனவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. இந்த மாற்றம் நம் மக்களின் வாழ்வையே திருப்பியது. காப்பிக்குப் பறிப்புக் காலம் சில மாதங்கள்தான். முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வாரந்தோறும் கொழுந்து எடுக்க வேண்டும், ஆண்டு முழுக்க. அதனால் ஆணை மட்டும் அழைத்தால் போதவில்லை, குடும்பத்தோடு அழைத்தார்கள். பெண்கள் கொழுந்துக்கூடை தூக்கினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம் என்று வரிசையாக லயம் கட்டினார்கள். லிப்டன் 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கி, இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார். இடையில் லயம் இருந்தது விளம்பரத்தில் வரவில்லை.

இந்த மக்களைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. முந்தைய ஆண்டு வாக்களித்தவர்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பாடு செய்தபோது 9,75,000 பேர் பங்கு பிரிக்கப்பட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போகிறாயா, இருக்கிறாயா என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமைச் சிக்கல் பெருமளவில் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊர்க் குவளை

இந்தியர் தேநீர் குடிக்கத் தொடங்கியது மிக அண்மையில். 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்து, அந்தப் பணத்தில் ஊர் ஊராக இலவசத் தேநீர் கொடுத்து விளம்பரம் செய்தார்கள். 1930களில் உலகப் பொருளாதார நெருக்கடியில் சரக்கு தேங்கியபோது அந்த முயற்சி தீவிரமானது. அதே காலத்தில் அசாமில் உருவான சி.டி.சி. எந்திரம், சிறிது தூளில் அடர்ந்த சாறு தரும் மலிவுத் தேயிலையைக் கொடுத்தது. பாலும் சர்க்கரையும் சேர்ந்து அது உழைப்பாளியின் பானமாயிற்று. காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைக்கும் மக்களின் பானமாகவும் தமிழ்நாட்டில் பிரிந்த கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

நம் டீக்கடை செய்தித்தாளை உரக்கப் படித்த இடம், அரசியல் பேசிய இடம். அதே கடையில்தான் இரட்டைக் குவளையும் இருந்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளை, தலித் மக்களுக்குத் தனிக் குவளை அல்லது கொட்டாங்குச்சி. 1955இல் தீண்டாமைக்கு எதிரான சட்டம் வந்த பிறகும் பல ஊர்களில் அது ஒழியவில்லை. மலைக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் யார்? நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். கடலுக்கு அந்தப் பக்கம் தேயிலை பறித்தவர்களும் இந்தப் பக்கம் தேநீர் குடிக்கத் தனிக் குவளை கொடுக்கப்பட்டவர்களும் ஒரே மக்கள். ரிக்யூவின் வாசல் பிரபுவைக் குனியவைத்தது. நம் கடை உழைத்தவரைக் குனியவைத்தது. வெள்ளைத் துரையைக் குற்றம் சொல்லும் முன் இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’ கதையில் இலங்கைத் தோட்டத்தையும், டாக்டர் பி.எச்.டேனியல் ‘ரெட் டீ’ நாவலில் வால்பாறைத் தோட்டங்களையும் பதிவு செய்தார்கள். தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்த அந்த நாவலைப் படித்தவர்கள், அதெல்லாம் பழைய கதை என்று ஆறுதல் கொள்ள முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தை ஒட்டி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள்மீது தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 உயிர் போனது. 2024இல் அங்கே தோட்டப் பணியை நிறுத்தியபோது, நான்கு தலைமுறையாக அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அங்கே சொந்தம் என்று ஒரு குடிசைகூட இல்லை. நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காகவே அரசு அமைத்த டான்டீ தோட்டங்களிலும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற அச்சம் தொழிலாளரை விடவில்லை.

தோட்டம் விதியல்ல

இலங்கையில் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ஆனது. அதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் கூலிப் பேச்சு வரும்போது, தேயிலைத் தொழில் இதைத் தாங்காது என்ற பதில் வருகிறது. தாங்காதது தேயிலையா, தோட்ட முறையா என்று கேட்க வேண்டும்.

கென்யாவைப் பாருங்கள். கெரிச்சோவில் கிப்சிகிஸ், தலாய் மக்களை விரட்டித்தான் அங்கும் வெள்ளையர் தோட்டம் போட்டார்கள். ஆப்பிரிக்கர் தேயிலை பயிரிடவே தடை இருந்தது. 1950களில் அது தளர்ந்து, விடுதலைக்குப் பின் 1964இல் சிறு விவசாயிகளுக்காகத் தேயிலை வளர்ச்சி முகமை உருவானது. இன்று ஆறு லட்சத்துக்கும் மேலான சிறு விவசாயிகள் அதன்கீழ் இருக்கிறார்கள். நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் அவர்கள் தருவது. ஆலைகளில் அவர்களுக்குப் பங்கு உண்டு. உலகில் கறுப்புத் தேயிலையை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு கென்யாதான். தலைக்கு அதிகம் தேநீர் குடிக்கும் துருக்கியிலும், ரீசே மலைச்சரிவுகளில் குடும்பங்கள் தம் துண்டு நிலத்தில் அதை விளைவிக்கின்றன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலங்கையிலேயே தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறு நில உடைமையாளர்கள் விளைவிப்பது. அதே தீவு, அதே செடி, அதே ஏலம். ஒரு பக்கம் பறிக்கிறவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். மறுபக்கம் ஐந்தாறு தலைமுறையாகப் பறித்தவருக்கு லயத்து வாசலில் கீரைப்பாத்தி போடவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

சிறு விவசாயம் சொர்க்கம் இல்லை என்பதை நீலகிரி காட்டுகிறது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு அங்கே விவசாயிகள் ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். நிலத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சந்தையில் தனியே விட்டால் போதாது. ஆலையில் பங்கும், ஏலத்தில் குரலும், இலைக்கு அடிப்படை விலையும் சேர்ந்தே வர வேண்டும். ஆனால் விலைக்குப் போராடுகிற விவசாயி மாலையில் தன் வீட்டுக்குத் திரும்புகிறார். தோட்டத் தொழிலாளி திரும்புவது நிர்வாகத்தின் வீட்டுக்கு.

தமிழர் இலங்கை மலைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, 2023இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மூதாதையர் நடந்த வழியில் நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானவை வீடும் காணியும். வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் மண் என்ற திட்டங்கள் வந்திருக்கின்றன. இந்திய உதவியில் வீடுகளும் எழும்புகின்றன. அது தொடக்கம்தான். விளைநிலமும் சேர்ந்து கிடைத்தால்தான் தொழிலாளி விவசாயி ஆவார். 1964இல் அந்த மக்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட இந்திய அரசு, இதை இலங்கையோடு பேசக் கடமைப்பட்டது. தமிழ்நாட்டு அரசு தன் பொறுப்பில் உள்ள தோட்டங்களில் பிறந்து உழைத்து முதிர்ந்தவர்களுக்கும் மாஞ்சோலையிலிருந்து இறங்கியவர்களுக்கும் வீட்டையும் நிலத்தையும் பட்டாவோடு கொடுத்துவிட்டு மற்றவருக்கு வழிகாட்ட வேண்டும்.

அந்தக் காணி உறுதியை, அந்தப் பட்டாவை, கொழுந்து பறித்தவளின் பெயரில் எழுதுங்கள். அரைப்பேர் கேட்டே வாழ்ந்தவளின் முழுப்பெயர் அதில் இருக்கட்டும்.